ப. சிங்காரத்தின் வாழ்வும் போர்ப் புனைவும்: தனிமை, ஏக்கம், அறச்சமரசம்

ஆய்வுச் சுருக்கம்

ப. சிங்காரம் (1920–1997) எழுதிய நாவல்கள் இரண்டு. இரண்டும் இரண்டாம் உலகப் போர்க்காலத் தென்கிழக்காசியாவைக் களமாகக் கொண்டவை. அவருடைய வாழ்க்கைச் செய்திகளைக் கால வரிசையில் தொகுத்து நாவல்களோடு ஒப்புநோக்கும் இக்கட்டுரை, தனிமை, ஏக்கம், அறச்சமரசம் ஆகிய மூன்றும் அவர் புனைவில் இயங்கும் முறையை ஆராய்கிறது. சிங்காரம் தம் வாழ்வின் பேரிழப்பைத் தம் நாயகர்களுக்கு உரியதாக்கவில்லை என்பதும், போர் மனிதனிடமிருந்து பறிப்பவற்றுள் தலையாயது ஊர் திரும்பும் வழியே என்பதும் இதன் முடிபுகளாகும்.

திறவுச்சொற்கள்: ப. சிங்காரம், கடலுக்கு அப்பால், புயலிலே ஒரு தோணி, போர் நாவல், புலம்பெயர்வு, பாலைத்திணை

முன்னுரை

தமிழ் நாவல் வரலாற்றில் போரை நேர்நின்று கண்ட தலைமுறையின் குரல் அரிதாகவே பதிவாகியுள்ளது. தமிழ்நாட்டு மண்ணில் இரண்டாம் உலகப் போர் பெரும்பாலும் செய்தித்தாளாகவும் உணவுத் தட்டுப்பாடாகவுமே வந்து சேர்ந்தது. மலாயா, பர்மா, சுமத்ரா ஆகிய நாடுகளில் வாழ்ந்த தமிழர்க்கோ அது வாசலில் வந்து நின்ற நிகழ்வாகும். அந்த அனுபவத்தைத் தமிழ்ப் புனைவின் முதன்மைப் பொருளாக்கியவர்களுள் ப. சிங்காரம் குறிப்பிடத்தக்கவர்.

சிங்காரத்தைப் பற்றிய பேச்சுகளில் இருவகைப் போக்குகள் காணப்படுகின்றன. புயலிலே ஒரு தோணியின் நாயகனாகிய பாண்டியனையே சிங்காரமாகக் கொள்வது ஒன்று. அவருடைய தனித்த வாழ்வை, இலக்கிய உலகம் புறக்கணித்ததன் விளைவாக மட்டும் காண்பது மற்றொன்று. முதலாவது நாவலை வீரசாகசக் கதையாகச் சுருக்குகிறது. இரண்டாவது வாழ்வை ஒரு மனக்குறையாகச் சுருக்குகிறது. வாழ்க்கைச் செய்திகளை வரிசைப்படுத்தி நோக்கும்போது இவ்விரண்டும் போதாமை புலனாகிறது.

சிங்கம்புணரியிலிருந்து மெடானுக்கு

சிங்காரம் 1920ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் நாள், இன்றைய சிவகங்கை மாவட்டத்தைச் சேர்ந்த சிங்கம்புணரியில் பிறந்தார். தந்தையார் பழனிவேல் நாடார். தாயார் உண்ணாமலை அம்மாள். தொடக்கக் கல்வியைச் சிங்கம்புணரியிலும் உயர்நிலைக் கல்வியை மதுரை தூய மரியன்னை பள்ளியிலும் பெற்றார். 1938இல், பதினெட்டு வயதில், சுமத்ரா தீவின் மெடான் நகருக்குச் சென்று ஒரு வட்டிக்கடையில் பணியில் அமர்ந்தார். அன்று அது டச்சு ஆட்சிக்கு உட்பட்ட நகரம். புகையிலைத் தோட்டங்களாலும் ரப்பர்த் தோட்டங்களாலும் செல்வம் கொழித்த அந்நகரில் தமிழர் நடத்திய லேவாதேவிக் கடைகள் பல இருந்தன.

அக்கடைகளின் அமைப்பு தனித்து நோக்கத்தக்கது. பெட்டியடிப் பையனாகச் சேரும் இளைஞன் படிப்படியாக உயர்ந்து அடுத்தாளாகவும் பின்னர் மேலாளாகவும் ஆகலாம். பணிக்காலம் பொதுவாக மூன்றாண்டுக் கணக்கில் வகுக்கப்பட்டது. கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பிச் சில காலம் தங்கி, மீண்டும் கடல் கடப்பது மரபு. கடையே வீடாகவும் உடன் பணிபுரிவோரே சுற்றமாகவும் விளங்கிய அவ்வாழ்வு பெரும்பாலும் ஆண்கள் மட்டுமே உறைந்த வாழ்வாகும். கடல்வழிப் பிரிவில் மகளிரை உடன்கொண்டு செல்லும் வழக்கம் இல்லை எனத் தொல்காப்பியம் வகுத்த நெறியோடு, இருபதாம் நூற்றாண்டின் வணிக வாழ்வும் பெரிதும் ஒத்துச் சென்றதை இங்குக் கருதலாம். ஆகவே சிங்காரம் அறிந்த தனிமை, போர் தொடங்குவதற்கு முன்பே தொடங்கியது. ஆனால் அதற்கு ஒரு தவணை இருந்தது. மூன்றாண்டு முடிந்தால் ஊர் உண்டு என்னும் நம்பிக்கை அதனைத் தாங்கத்தக்கதாக்கியது.

சிங்காரம் 1940இல் ஒருமுறை ஊர் வந்து மீண்டும் சுமத்ரா சென்றார். அதன்பின் மெடானில் மராமத்துத் துறையில் பணியாற்றினார். அந்நகரில் வாழ்ந்த காலத்தில் ஆங்கிலவழி உலக இலக்கியத்தைப் பரவலாகப் பயின்றார். தல்ஸ்தோய், தாஸ்தாயெவ்ஸ்கி, ஹெமிங்வே முதலியோரின் ஆக்கங்கள் அவருடைய வாசிப்பில் இடம்பெற்றன. சிற்றிதழ்க் குழுக்களோ இலக்கிய நண்பர்களோ சூழாத ஒரு துறைமுகப் பகுதியில் தனியனாக நிகழ்ந்த இவ்வாசிப்பே அவருடைய நாவற் கல்வியாயிற்று.

ஆக்கிரமிப்புக் காலம்

1941 டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவின் கோத்தா பாருவில் இறங்கியது. சில நாள்களில் பினாங்கு குண்டுவீச்சுக்கு உள்ளாயிற்று. 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச்சு மாதத்தில் மெடான் ஜப்பானியர் வசமாயிற்று. அந்நாளில் சிங்காரத்துக்கு வயது இருபத்தொன்று. கப்பல் போக்குவரத்து அற்றுப்போனமையால் ஊருக்குத் திரும்பும் வழியும் கடிதம் எழுதும் வழியும் ஒருங்கே அடைபட்டன. மூன்றாண்டுக் கணக்கு என்னும் தவணை பொருளற்றதாயிற்று.

போர்க்காலத்தில் சிங்காரம் நண்பர்களோடு சேர்ந்து வணிகத்தில் ஈடுபட்டார். சுமத்ராவிலிருந்து மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்குக்குச் சரக்குகள் அனுப்பப்பட்டன. ஆக்கிரமித்த படையின் அனுமதியும் கண்காணிப்பும் இன்றி அக்காலத்தில் எவ்வணிகமும் நடைபெறுதல் இயலாது. உயிர் வாழ்தலே அதிகாரத்தோடு செய்துகொள்ளும் ஓர் உடன்பாடாக அமைந்த சூழல் அது. சிங்காரத்தின் புனைவில் அறச்சமரசம் என்பது பெருங்குற்றமாகத் தோன்றாமல் நாள்தோறும் நிகழும் சிறு ஒப்புதல்களாகத் தோன்றுவதற்கு இவ்வனுபவமே நிலைக்களன் எனலாம்.

1943 ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். தோட்டத் தொழிலாளரும் கடைப் பணியாளருமாகிய தமிழர் பலர் அப்படையில் சேர்ந்தனர். சிங்காரத்தின் இரு நாயகர்களும் அவ்வாறு சேர்ந்தவர்களே. ஆயின் அறியப்பட்ட வாழ்க்கைக் குறிப்புகள் சிங்காரத்தைக் கடைப் பணியாளராகவும் அலுவலராகவும் வணிகராகவுமே காட்டுகின்றன. பாண்டியனின் வாழ்வும் சிங்காரத்தின் வாழ்வும் பிரியும் முதல் இடம் இது. மலாக்கா நீரிணையைக் கடக்கும் சரக்குத் தொங்கான் வரையில் இருவரும் ஒரே வழியில் செல்கின்றனர். துப்பாக்கி ஏந்தும் இடத்தில் நாயகன் தனித்துச் செல்கிறான்.

இழப்பும் மீள்வும்

இருபதுகளின் நடுப்பகுதியில் சிங்காரம் மணம் புரிந்தார். மகப்பேற்றின்போது மனைவியும் குழந்தையும் இறந்தனர். அவர் மீண்டும் மணம் செய்துகொள்ளவில்லை. 1946இல் இந்தியா திரும்பினார். 1945 ஆகஸ்ட் 17இல் விடுதலையை அறிவித்த இந்தோனேசியா, டச்சுப் படைகளை எதிர்த்துப் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போராட்டம் 1949 டிசம்பரில் ஆட்சியுரிமை கைமாறும் வரை நீடித்தது. சிங்காரம் விட்டுவந்த மெடானும் அவர் கண்ட மெடானாக எஞ்சவில்லை.

1947இல் தினத்தந்தி நாளிதழின் மதுரை அலுவலகத்தில் பணியில் சேர்ந்து, 1987 வரை நாற்பதாண்டுகள் அங்கேயே பணியாற்றினார். மதுரையில் இளைஞர் கிறித்தவச் சங்க விடுதியில் ஓர் அறையே அவருடைய இருப்பிடம். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அவர் அங்குத் தனியே வாழ்ந்தார். எழுத்தாளர் கூட்டங்களிலோ இலக்கிய இயக்கங்களிலோ அவர் பங்குகொண்டாரல்லர்.

கடலுக்கு அப்பால் நாவலை 1950இல் எழுதினார். கலைமகள் நடத்திய நாவல் போட்டியில் பரிசு பெற்று 1959இல் அது நூலாயிற்று. 1962இல் எழுதி முடிக்கப்பட்ட புயலிலே ஒரு தோணி பத்தாண்டுக் காத்திருப்புக்குப் பின் 1972இல் கலைஞன் பதிப்பக வெளியீடாக வந்தது. அதன்பின் கால் நூற்றாண்டு வாழ்ந்தும் மூன்றாவது நாவலை அவர் வெளியிடவில்லை. பதிப்புத் தாமதம் அவரைச் சோர்வுறச் செய்திருக்கலாம். எனினும் விடுதியறை வாழ்வு முதல் நாவல் எழுதப்படும் முன்பே தொடங்கிவிட்டது. அவருடைய தனிமைக்கு இலக்கிய உலகின் புறக்கணிப்பை முதற்காரணமாகக் கூறுவதைக் கால வரிசை ஏற்கவில்லை.

கடலுக்கு அப்பால்: மீண்டவனின் இழப்பு

முதல் நாவலின் நாயகன் செல்லையா பினாங்கில் வானாயீனாவின் வட்டிக்கடையில் பணிபுரிந்தவன். இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்து, ஜப்பானியர் சரணடைந்த பின் கடைக்கு மீள்கிறான். முதலாளியின் மகள் மரகதமும் அவனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். துப்பாக்கி ஏந்தியவன் கணக்கேட்டுக்கு உரியவனல்லன் எனக் கருதும் வானாயீனா அவனுக்கு மகளைத் தர மறுத்து, நாகலிங்கத்துக்கு மணமுடிக்க முற்படுகிறார். செல்லையா விலகிச் செல்கிறான்.

இந்நாவலில் எவரும் கொடியவராகப் படைக்கப்படவில்லை. வானாயீனா போர்க்காலத்தில் மகனை இழந்த தந்தை. எஞ்சிய மகளையும் வணிகத்தையும் காப்பதே தம் கடமை என அவர் கருதுகிறார். மகவை இழந்த ஆசிரியர், மகவை இழந்த துயரத்தை நாயகனுக்கு வழங்காமல், நாயகனை மறுப்பவருக்கு வழங்கியுள்ளமை கருதத்தக்கது. தன் துயரத்தைத் தனக்கு அனுதாபம் சேர்க்கப் பயன்படுத்தாத எழுத்தொழுக்கம் இது. அதனால் வானாயீனாவின் மறுப்பு வாசகர்க்கு வெறுப்பை ஊட்டாமல் புரிதலைத் தருகிறது. செல்லையாவின் விலகலும் தோல்வியாகவன்றி, பிறர் துயரைக் கண்டபின் ஒருவன் செய்துகொள்ளும் உடன்பாடாகத் தோன்றுகிறது.

செல்லையா உயிரோடு மீண்டவன், கடைக்கும் மீண்டவன். ஆயினும் போருக்கு முன்பிருந்த தன் இடத்துக்கு அவனால் மீள இயலவில்லை. மீள்தல் என்பது இடம் சார்ந்தது மட்டுமன்று என்பதை இந்நாவல் உணர்த்துகிறது.

புயலிலே ஒரு தோணி: ஒப்புதல்களின் வரலாறு

இரண்டாவது நாவல், ஜப்பானியப் படை மெடானுக்குள் நுழைவதைத் தெருவில் நின்று காணும் மக்களோடு தொடங்குகிறது. தொடர்ந்து நிகழும் கொள்ளையை ஒடுக்கும் பொருட்டுக் கொள்ளையரின் வெட்டுண்ட தலைகள் பொதுவிடத்தில் காட்சிக்கு வைக்கப்படுகின்றன. இத்தொடக்கம் நாவல் முழுவதற்கும் ஓர் அறவினாவை எழுப்பிவிடுகிறது. அக்காட்சியைக் கண்ட நகரத்திலிருந்து புறப்படும் பாண்டியன், பின்னர் அதே ஜப்பானின் துணையோடு இயங்கும் படையில் அதிகாரியாகிறான். நாட்டு விடுதலை என்னும் உயர்ந்த நோக்கமும், வெட்டுண்ட தலைகளை அடுக்கிய அதிகாரத்தோடு கொண்ட கூட்டும் அருகருகே நிற்கின்றன. சிங்காரம் இம்முரணை விளக்கிக் கூறவோ நியாயப்படுத்தவோ முற்படவில்லை. வாசகர் மறவாத இடத்தில் அதனை வைத்துவிட்டுக் கதையைத் தொடர்கிறார்.

பாண்டியன் கொலைகள் புரிகிறான். ஒவ்வொன்றுக்கும் ஆணையோ தேவையோ காரணமாக இருக்கிறது. எனினும் அவற்றின் தொகை அவனை எவரோடும் ஒட்டாதவனாக ஆக்குகிறது. நண்பர்களும் பெண்களும் மதுவும் தமிழ்ப் பெருமை பற்றிய நீண்ட விவாதங்களும் அவனைச் சூழ்ந்திருந்தும் அவன் தனியன். அவ்விவாதங்களில் பண்டைப் பெருமிதங்கள் எள்ளலுக்கு உள்ளாவதும் இதனோடு தொடர்புடையது. பற்றிக்கொள்ளத்தக்க மரபு என ஒன்றும் எஞ்சாத மனநிலையின் வெளிப்பாடாக அவ்வெள்ளல் அமைகிறது.

ஏக்கம் இந்நாவலில் நினைவோட்டமாக வெளிப்படுகிறது. சின்னமங்கலத்தின் சிறுவயதுக் காட்சிகளும் மதுரைத் தெருக்களும் போர்க்களத்து நடுவே பாண்டியனின் மனத்தில் எழுகின்றன. இங்கு ஆசிரியர் இருந்த இடத்தையும் கருத வேண்டும். மதுரையை நினைத்து ஏங்கும் பாண்டியனை, மதுரையில் அமர்ந்து மெடானை நினைவுகூர்ந்தவர் எழுதினார். நாயகனின் ஏக்கம் செல்லும் திசைக்கு எதிர்த்திசையில் ஆசிரியரின் நினைவு சென்றது. மதுரை விளக்குத்தூண் பகுதியும் மெடான் நகரத் தெருக்களும் நாவலில் ஒரே துல்லியத்தோடு அமைந்திருப்பதற்கு இவ்விருமுனை ஏக்கமே காரணம் எனலாம்.

போர் முடிந்தபின் பாண்டியன் சுமத்ராவில் இந்தோனேசிய விடுதலைப் படையினரோடு இணைந்து டச்சுக்காரரை எதிர்க்கிறான். இறுதியில் ஊர் திரும்பும் எண்ணம் தலைதூக்கிய நிலையில் சுட்டுக் கொல்லப்படுகிறான்.

ஹெமிங்வேயோடு ஓர் ஒப்பீடு

சிங்காரம் விரும்பிப் போற்றிய நாவல் ஹெமிங்வேயின் எ ஃபேர்வெல் டு ஆர்ம்ஸ் (1929). முதல் உலகப் போரில் இத்தாலியப் படையின் மருத்துவ ஊர்திப் பிரிவில் பணிபுரியும் ஃபிரெடரிக் ஹென்றி அதன் நாயகன். கப்போரெட்டோப் பின்வாங்கலின்போது, தன் ஆணையை மீறி ஓடும் சார்ஜண்ட் ஒருவனை அவன் சுடுகிறான். அடுத்த நாளே, பின்வாங்கும் அதிகாரிகளைச் சுட்டுக் கொல்லும் காவலரிடம் சிக்கி, ஆற்றில் குதித்துத் தப்புகிறான். நாவலின் இறுதியில் அவனுடைய காதலி காதரின் மகப்பேற்றில் குழந்தையோடு இறக்கிறாள்.

ஹெமிங்வே 1918இல் இத்தாலியப் போர்முனையில் செஞ்சிலுவைச் சங்க ஊர்தி ஓட்டுநராகச் சென்று காயமுற்றவர். 1917இல் நிகழ்ந்த கப்போரெட்டோப் பின்வாங்கலில் அவர் பங்குகொண்டாரல்லர். தாம் நேரில் காணாத போர் நிகழ்வை, கண்ட போரின் அனுபவத்தைக் கொண்டு எழுதியவர் அவர். சிங்காரத்தின் போர்முனைப் பகுதிகளையும் இவ்வகையில் வைத்து நோக்கலாம். நாயகனின் செயல்களை ஆசிரியரின் செயல்களாகக் கொள்வது எந்த அளவுக்கு வழுவுடையது என்பதற்கு இவ்விருவரும் சான்றாவர்.

வேறுபாடு இதனினும் முதன்மையானது. ஹெமிங்வேயின் நாயகன் புனைவில் எய்திய இழப்பைச் சிங்காரம் வாழ்வில் எய்தினார். அவர் போற்றிய நாவலின் முடிவும் அவர் வாழ்வின் நிகழ்வும் ஒன்றாயிருந்தும், தம் நாயகர் எவருக்கும் அம்முடிவை அவர் வழங்கவில்லை. செல்லையாவும் பாண்டியனும் மணமாகாதவர்கள். எழுதுவதற்கு மிக அணுக்கமாக இருந்த துயரத்தை அவர் எழுதாமலே விட்டார். புனைவில் அவர் தேர்ந்துகொண்ட துயரம், போரினால் பலர்க்கும் பொதுவாக நேர்ந்த துயரமாகும்.

முல்லை இல்லாப் பாலை

அகமரபில் பொருள்வயிற் பிரிவும் வேந்தற்குற்றுழிப் பிரிவும் தனித்தனியாகப் பேசப்படும். பிரிந்தோன் பாலை வழியில் செல்வான், தலைவி ஆற்றியிருப்பாள், வினைமுற்றி மீளும்போது முல்லை மலரும். சிங்காரத்தின் நாயகர்கள் பொருள்வயிற் பிரிந்து சென்று, சென்ற இடத்தில் போர்வயிற் பட்டவர்கள். இருவகைப் பிரிவும் ஒருவரிடத்தே அமைகின்றன. அவர்களுக்காக ஆற்றியிருக்கும் இல்லமும் இல்லை. ஏக்கத்தைப் பிரிந்து சென்றவனே சுமக்கிறான். வினை முடிந்தும் மீட்சி வாய்க்கவில்லை. அவ்வகையில் இந்நாவல்களை முல்லையை எய்தாத பாலை எனக் கொள்ளலாம். நிலையாமையைப் பேசும் காஞ்சித்திணையின் குரலும் இவற்றின் இறுதிப் பகுதிகளில் ஒலிக்கிறது.

இறுதிக்காலம்

சி. மோகன், ந. முருகேசபாண்டியன் முதலியோரின் கவனத்தால் சிங்காரத்தின் நாவல்கள் பிற்காலத்தில் தீவிர வாசகர்களைச் சென்றடைந்தன; இரு நாவல்களும் ஒரே நூலாகவும் பதிப்பிக்கப்பட்டன. ஓய்வுக்குப் பின்னும் விடுதியிலேயே வாழ்ந்த சிங்காரம், 1997இல் அதனை விட்டு மதுரையிலேயே வேறிடம் பெயர நேர்ந்தது. அவ்வாண்டு டிசம்பர் 30ஆம் நாள், எழுபத்தேழாம் வயதில் மறைந்தார். தம் சேமிப்பாகிய ஏறத்தாழ 7 லட்சம் ரூபாயை ஏழை மாணவர்களின் கல்விக்காக நாடார் மகாஜன சங்கத்துக்கு அளித்திருந்தார். தம் மறைவை எவர்க்கும் அறிவிக்க வேண்டாம் என்பது அவருடைய விருப்பம்.

வட்டிக்கடையில் தொடங்கிய வாழ்வு, சேமிப்பு முழுவதையும் அறிமுகமற்ற மாணவர்க்கு விட்டுச் சென்று நிறைவுற்றது. எஞ்சியோர்க்குத் தம் இறப்பு ஒரு சுமையாகக் கூடாது எனக் கருதியவரின் செயலாக இதனைக் கொள்வது பொருந்தும்.

முடிவுரை

சிங்காரம் போரிலிருந்து உயிரோடு மீண்டவர். தம் நாயகருள் ஒருவனை விட்டுக்கொடுத்து வாழ்பவனாகவும் மற்றொருவனை விட்டுக்கொடுக்க இயலாது மடிபவனாகவும் படைத்தார். இருவரில் எவனும் அவரல்லன்; எனினும் அவர் எதிர்கொண்ட இரு வழிகளும் அவர்களே. போர் நாவல்களில் அறச்சமரசத்தைத் துரோகமாகவோ வீழ்ச்சியாகவோ மட்டும் காணும் வழக்கத்துக்கு மாறாக, அதனை உயிர்வாழ்தலின் அன்றாட விலையாக அவர் காட்டினார். அவ்விலையைச் செலுத்தியபின் எஞ்சும் தனிமைக்கு எவரையும் அவர் குற்றஞ்சாட்டவில்லை.

அவருடைய நாவல்களின் மையம் கடைப் பணியாளர் உலகமே. தோட்டத் தொழிலாளர் அதன் ஓரத்திலேயே இடம்பெறுகின்றனர். விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காடு, மலாயாத் தோட்டங்களுக்குத் தொழிலாளர் சென்ற மாவட்டங்களுள் ஒன்று. அத்தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா ரயில்பாதைக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழருள் மீளாதோர் மிகப் பலர். ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில், அ. ரெங்கசாமியின் நினைவுச் சின்னம் ஆகிய மலேசியத் தமிழ் நாவல்கள் அவர்களின் வரலாற்றைப் பேசுகின்றன. சிங்காரத்தின் நாவல்களை இவற்றோடு இணைத்துப் பயிலும்போது, ஒரே போரில் கணக்கேடு ஏந்தியவர்க்கும் மண்வெட்டி ஏந்தியவர்க்கும் ஊர் திரும்பும் வழி எவ்வெவ்வாறு அடைபட்டது என்பது விளங்கும். அவ்வொப்பாய்வு மேற்கொள்ளப்பட வேண்டியதாகும்.